கோச்சி வராத ஊரில் கோச்சி செய்வோம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள். முடிந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். இது ஒரு வீட்டுக்கே சொல்லும் விஷயம்.

நம் அம்பாறை மாவட்டத்தில் பயணிகள் ரயில் நிலையம் ஒன்றுகூட இல்லை. இலங்கையின் முதல் ரயில் 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. 1867இல் தண்டவாளம் கண்டிக்குப் போனது. 1905இல் காங்கேசன்துறை, 1924இல் பதுளை, 1928இல் மட்டக்களப்பு. அங்கே வந்து நின்றது நின்றதுதான். கல்லடிப் பாலத்தைத் தாண்டி நம் பக்கம் இன்னும் வரவில்லை. பொத்துவில் வரை ரயில் பாதை என்ற பேச்சை நம் வாப்பாமார் கேட்டார்கள், நாங்களும் கேட்டோம், இப்போது எங்கள் மாணவர்களும் கேட்கிறார்கள். அந்தப் பேச்சை அரசியல்வாதிகளிடம் விட்டுவிடுவோம். நாங்கள் சொல்ல வருவது வேறு.

ரயில் வராத இந்த ஊர்களில், வீட்டுக்குள் ஒரு சின்ன ரயிலை நாமே செய்து ஓட விடலாம். வாப்பா, உம்மா, மூத்தாப்பா, மூத்தம்மா, ராத்தா, தம்பி எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்யலாம். இதை வெளிநாடுகளில் 'மொடல் ரயில்வே' என்கிறார்கள். நம் பழைய ஆட்களின் பாஷையில் சொன்னால் குட்டிக் கோச்சி. நம் ஊர்க் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு கிடைப்பது கஷ்டம் என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறோம்.

முதலில், இதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் ரயில் வட்டத்தில் பத்துத் தடவை சுற்றும். பதினோராவது தடவை பிள்ளை எழும்பிப் போய்விடும். மொடல் ரயில்வே என்பது ஒரு ஊரையே சின்னதாகச் செய்வது. தண்டவாளம், ஸ்டேஷன், பாலம், பள்ளிவாசல், வயல், கடை, தெரு லயிட் எல்லாம் ஒரே அளவுக் கணக்கில் சுருங்கி ஒரு பலகையில் வந்து நிற்கும். அதற்குள் ரயில் ஓடும். செய்து முடிக்கவே மாதக் கணக்கில் எடுக்கும். முடிந்த பிறகும் முடியாது; இன்னொரு வீடு, இன்னொரு மரம் என்று வளர்ந்துகொண்டே போகும்.

இப்போது நம் வீடுகளைப் பாருங்கள். மாலையில் பிள்ளை டியூசனால் வரும். சாப்பிடும், போனை எடுக்கும். வாப்பா கடையைப் பூட்டி வருவார். சாப்பிடுவார், போனை எடுப்பார். உம்மா குசினியை முடித்துவிட்டு போனை எடுப்பார். நான்கு பேர் நான்கு மூலையில். ஒரே கூரைதான், ஆனால் ஒருவர் என்ன பார்த்துச் சிரிக்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. எந்த வீட்டையும் குறை சொல்லவில்லை. எங்கள் வீடும் இந்தக் கணக்குக்குள்தான். போனைப் பறித்து அலுமாரியில் பூட்டினால் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கும். பறித்த கைக்கு வேறொன்றைக் கொடுக்க வேண்டும். என்ன கொடுப்பது என்பதுதான் கேள்வி.

கிரிக்கெட் நல்லது, ஆனால் வாப்பாவும் மூத்தம்மாவும் ராத்தாவும் சேர்ந்து விளையாட முடியாது. கெரம் நல்லது, நான்கு பேருடன் முடிந்துவிடும். தோட்டம் நல்லது, நம் கடற்கரை ஊர்களில் பல வீடுகளுக்கு அதற்குக் காணி இல்லை. குட்டிக் கோச்சியின் விசேஷம் என்னவென்றால், அதற்குப் பல விதமான கைகள் வேண்டும். ஒருவர் அளப்பார், ஒருவர் வெட்டுவார், ஒருவர் ஒட்டுவார், ஒருவர் வர்ணம் அடிப்பார், ஒருவர் வயர் பூட்டுவார், ஒருவர் கதை சொல்வார். ஐந்து வயதுப் பிள்ளை மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் கலக்கிப் புல் செய்யும். எழுபது வயது மூத்தாப்பா "அந்தக் காலத்துப் பாலம் இப்படி இல்லை மகன்" என்று திருத்துவார். ஒருவரும் சும்மா இருக்கத் தேவையில்லை.

இந்தப் பக்கத்தில் கைவேலை தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. மருதமுனைத் தறியில் நூலை எண்ணி எண்ணி வேலை செய்தவர்களுக்கு மில்லிமீட்டர் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மரவேலை செய்பவர், தையல் மெஷின் வைத்திருக்கும் ராத்தாமார், தோணி பழுது பார்ப்பவர், வீட்டு வயரிங் செய்பவர் என்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களின் வேலை பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் குறை. பிள்ளை டொக்டராக வேண்டும் என்று நினைக்கிறோம். டொக்டருக்கும் நிதானமான கை வேண்டும் என்பதை நினைப்பதில்லை.

ஆசிரியர்களாகிய நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்கிறோம். பாடசாலையில் 'செயற்றிட்டம்' என்று ஒன்று கொடுக்கிறோம். மறு வாரம் பிள்ளை அழகான மாதிரி ஒன்றைக் கொண்டுவரும். ரிஜிபோமில் வெட்டிய வீடு, நேர்த்தியான எழுத்து. "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் பிள்ளை முழிக்கும். கடையில் காசு கொடுத்துச் செய்தது, இல்லாவிட்டால் வாப்பாவும் சாச்சாவும் இரவு இரண்டு மணி வரை முழித்திருந்து செய்தது. பிள்ளையின் கைக்கு அதில் வேலையே இருந்திருக்காது. அந்த மாதிரிக்குப் புள்ளி போட்டு அனுப்புகிறோம். பிள்ளை படித்ததோ, வேலையைக் காசுக்கு வாங்கலாம் என்ற பாடத்தை. குட்டிக் கோச்சியில் அது நடக்காது. புள்ளி இல்லை, தவணை இல்லை, பரிசு இல்லை. பிழையாக வெட்டினால் ரயில் கவிழும், அவ்வளவுதான். கவிழ்ந்த ரயிலை எடுத்து நிறுத்தி, ஏன் கவிழ்ந்தது என்று யோசிக்கும் பிள்ளைக்குத்தான் விஞ்ஞானம் விளங்கத் தொடங்குகிறது.

இது ஏதோ பணக்காரர்களின் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறோம். நம் பிள்ளைகள் டிவியில் பார்க்கும் 'தோமஸ்' என்ற நீல எஞ்சின் எப்படி வந்தது தெரியுமா? 1943இல் இங்கிலாந்தில் வில்பர்ட் ஓட்ரி என்ற ஒரு தகப்பன், சின்னமுத்து வந்து படுக்கையில் கிடந்த மகன் கிறிஸ்டோபருக்கு ரயில் கதைகள் சொன்னார். மனைவி தூண்டியதால் அது 1945இல் புத்தகமாக வந்தது. அது யுத்தகாலம், கடையில் சாமான் இல்லை. தும்புத்தடித் துண்டையும் கழிவுப் பலகையையும் வைத்து மகனுக்கு எஞ்சினும் பெட்டிகளும் செய்து கொடுத்தார். மகன் பெரிய எஞ்சின் ஒன்று கேட்டான். சாமான் போதாததால் சின்ன எஞ்சின்தான் செய்ய முடிந்தது. அந்தச் சின்ன எஞ்சின்தான் தோமஸ். 1946இல் அதற்கென்று புத்தகம் வந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அந்த மகனே வாப்பாவின் கதைத் தொடரைத் தொடர்ந்து எழுதினார். இவ்வளவும் ஒரு தும்புத்தடித் துண்டிலிருந்து வந்தது.

லிவர்பூலில் பிராங்க் ஹோர்ன்பி என்ற ஒரு கிளார்க்கும் அப்படித்தான். தன் பிள்ளைகளுக்காக உலோகப் பட்டிகளில் துளை போட்டு, ஆணி பூட்டி விளையாட ஒரு சாமான் செய்தார். 1901இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். அதுதான் மெக்கானோ. 1920இல் அவர் கம்பனி ரயிலும் செய்யத் தொடங்கியது. ஹோர்ன்பி என்ற பெயரில் இன்றைக்கும் குட்டி ரயில்கள் விற்கிறார்கள்.

கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் இந்தியாவின் புனே நகரம். அங்கே கோத்ருட் என்ற இடத்தில் ஜோஷி குடும்பத்தாரின் சிறு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பி. எஸ். ஜோஷி என்பவர் தன் சொந்த விருப்பத்துக்குத் தொடங்கிய பொழுதுபோக்கு அது. 1998இல் பொதுமக்களுக்குத் திறந்தார். அவருக்குப் பிறகும் குடும்பத்தார் அதை நடத்துகிறார்கள். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் பிரெடெரிக், கெரிட் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001இல் தொடங்கிய குட்டி ரயில் உலகம், இன்று உலகத்திலேயே பெரியது என்று பெயர் எடுத்திருக்கிறது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து காணும் கனவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி. நமக்கு அவ்வளவு பெரிது தேவையில்லை. ஒரு மேசை போதும்.

சரி, எப்படித் தொடங்குவது?

வெளிநாட்டில் இதற்கு அளவுக் கணக்குகள் உண்டு. எச்.ஓ என்றால் 87 மடங்கு சிறியது, என் என்றால் 160 மடங்கு சிறியது. நாங்கள் சிபாரிசு செய்வது அதைவிட இலேசான கணக்கு: நூறுக்கு ஒன்று. நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் பலகையில் ஒரு சென்றிமீட்டர். ஆறாம் வகுப்புப் பிள்ளையே மனதால் கணக்குப் பார்த்துவிடும். இருபது மீட்டர் நீளப் பெட்டி இருபது சென்றிமீட்டர். பதினைந்து மீட்டர்த் தென்னை பதினைந்து சென்றிமீட்டர். நம் நாட்டு ரயில் பாதையின் அகலம் ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீட்டர். நூறால் பிரித்தால் பதினாறே முக்கால் மில்லிமீட்டர். கடையில் விற்கும் எச்.ஓ தண்டவாளத்தின் அகலம் பதினாறரை மில்லிமீட்டர். ஆகவே நாளைக்குக் காசு சேர்த்து உண்மையான குட்டித் தண்டவாளம் வாங்கினாலும், நாம் நூறுக்கு ஒன்று கணக்கில் செய்த பெட்டியும் ஸ்டேஷனும் அதில் பொருந்தும்.

முதல் கோச்சிக்குக் காசே தேவையில்லை. பிஸ்கட் பெட்டி மட்டையில் பெட்டிகள். சில்லுக்குச் சட்டை பட்டன். நூறுக்கு ஒன்று கணக்கில் ஒரு சென்றிமீட்டர்ப் பட்டன் ஒரு மீட்டர்ச் சில்லு, நிஜ ரயிலுக்குக் கிட்டத்தட்ட சரிதான். ஐஸ்பழக் குச்சியை வெட்டினால் சிலிப்பர்க் கட்டை. தேங்காய்த் தும்பும் ஈர்க்கும் மரங்கள். உமி, மரத்தூள், தேயிலைச் சக்கை எல்லாம் நிலம். கடற்கரை மணல் எடுப்பவர்கள் நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை கழுவிக் காய வையுங்கள். உப்பு இருந்தால் ஈரத்தை இழுக்கும், மட்டை ஊறும், கம்பி துருப்பிடிக்கும். கடற்காற்று நமக்குப் பழகியது, கம்பிக்குப் பழகாது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பூச்சு வார்னிஷ் அடித்தால் நல்லது. பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கும் அளவில் எடுங்கள். உம்மாவின் மேசையை ஒரு மாதம் பிடித்து வைத்தால் திட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் கையால் தள்ளும் ரயில். அது பிடித்த பிறகு பழுதான விளையாட்டுக் காரின் மோட்டரும் பற்றரியும். அதற்குப் பிறகுதான் தண்டவாளம் வழியாக மின்சாரம். வாங்கும் குட்டி ரயில்களில் பொதுவாகப் பன்னிரண்டு வோல்ட் வரைதான் பாயும். ஒரு தண்டவாளத்தால் போய், மோட்டருக்குள் புகுந்து, மறு தண்டவாளத்தால் திரும்பி வரும். வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டினால் ரயில் பின்னால் போகும். இதை விஞ்ஞானப் பாடத்தில் படம் கீறிப் படிப்பிக்கிறோம். பிள்ளை பாடமாக்கிப் பரீட்சையில் எழுதும், பிறகு மறந்துவிடும். தன் கையால் வயர் மாற்றி, தன் ரயில் பின்னால் போவதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது. ஒன்று மட்டும் கண்டிப்பு: வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டில் பிள்ளை கை வைக்கக்கூடாது. பற்றரி, அல்லது ஒழுங்கான அடப்டர். பிளேட் வேலையும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு விளையாட்டு இருக்கிறது. நம் நாட்டின் ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் மோதாமல் இருக்க, 'டெப்லட்' என்ற ஒரு முறை நெடுங்காலமாகப் பாவிக்கப்பட்டு வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு வட்டத் தகட்டை ட்ரைவரிடம் கொடுப்பார். அந்தத் துண்டுப் பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு தகடுதான் வெளியே வரும். தகடு கையில் இல்லாமல் ட்ரைவர் போக முடியாது. அடுத்த ஸ்டேஷனில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டில் இதற்கு ஒரு பழைய சில்லறைக் காசு போதும். ராத்தா ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், மூத்தம்மா இன்னொரு ஸ்டேஷன் மாஸ்டர், தம்பி ட்ரைவர். காசு கைக்கு வராமல் ரயில் நகராது. அவசரக்காரத் தம்பி மூத்தம்மாவின் கையைப் பார்த்துக் காத்திருப்பான். இப்போது பிள்ளைகளுக்கு 'டெப்' என்றால் விரலால் தடவும் கண்ணாடி. இந்த டெப்லட்டையும் ஒரு தடவை கையில் கொடுத்துப் பாருங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் பூட்டிக் கிடக்கும் கதைகளும் இதனால் வெளியே வரும். மன்னம்பிட்டியில் 2007இல் புதுப்பாலம் திறக்கும்வரை ரயிலும் பஸ்ஸும் ஒரே இரும்புப் பாலத்தால்தான் போயின. ரயில் வந்தால் பஸ் காத்து நிற்க வேண்டும். கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போய் வந்த நம் பெரியவர்களுக்கு அந்தப் பாலம் நன்றாகத் தெரியும். அதை மட்டையில் செய்யச் சொல்லிப் பாருங்கள். பாலம் முடிய முன்னர் பத்துக் கதை வரும். பிள்ளை எஞ்சின் செய்யும்போது 'எம் 2' எஞ்சினின் படத்தைக் காட்டுங்கள். அதில் ஏன் 'அல்பேர்ட்டா', 'ஒன்ராறியோ' என்று பெயர் எழுதியிருக்கிறது என்று கேட்கும். 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நமக்குத் தந்த எஞ்சின்கள் அவை, அதனால்தான் கனடாவின் மாகாணப் பெயர்கள் என்று சொல்லலாம். வரலாறும் புவியியலும் டியூசன் இல்லாமல் வந்து சேர்கிறது.

கஷ்டமான கேள்விகளும் வரும். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்புப் பாதையின் 'மீனகயா' ரயில் மோதி ஆறு யானைகள் செத்தது பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். பலகையில் காடு செய்யும் பிள்ளை, "யானை கடக்கும் இடத்தில் என்ன செய்வது?" என்று கேட்டால் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். "நீ என்ன செய்வாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். மேம்பாலம் கட்டுமா, வேகத்தைக் குறைக்குமா, சுரங்கம் தோண்டுமா, பார்ப்போம். ஒரு ஊரை எப்படி அமைப்பது என்று யோசித்த பிள்ளைதான் நாளைக்கு நம் ஊரின் வடிகானைப் பற்றியும் குப்பையைப் பற்றியும் பொறுப்போடு யோசிக்கும்.

இனி வரப்போகும் ஆட்சேபனைகள். எங்களுக்குத் தெரியும், கொமெண்டில் வரும்.

"பிள்ளைக்குப் புலமைப்பரிசில் இருக்கிறது, ஓ.எல் இருக்கிறது, இதற்கு எங்கே நேரம்?" வாரத்தில் ஒரு பின்னேரம் கேட்கிறோம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மஃரிப் வரை. அந்த நேரத்தில் பிள்ளை கட்டாயம் புத்தகத்தோடுதான் இருக்கிறது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடிந்தால் விட்டுவிடுங்கள். இன்னொன்றும் சொல்கிறோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தில் 1946இல் மாணவர்கள் ஒரு குட்டி ரயில் கழகம் தொடங்கினார்கள். அதில் சிலர் மேசைக்கு மேலே மலையும் வீடும் செய்தார்கள். சிலர் மேசைக்கடியில் படுத்துக்கொண்டு வயரும் சுவிச்சும் பூட்டினார்கள். மேசைக்கடியில் கிடந்த அந்தப் பொடியன்மாரில் சிலர்தான் பிறகு அங்கே வந்த கொம்பியூட்டர்களில் முதன்முதலாக விளையாடிப் பார்த்து புரோகிராம் எழுதியவர்கள். 'ஹேக்கர்' என்ற சொல்லே அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்துதான் பரவியது. பிள்ளை ஐ.ரீ படிக்க வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

"இது வீண் விளையாட்டு, காசை வீணாக்குவது." காசை வீணாக்குவது எங்களுக்கும் விருப்பமில்லை. அதனால்தான் மட்டையில் தொடங்கச் சொல்கிறோம். ஒரு வருடம் மட்டையில் செய்து, விருப்பம் குறையவில்லை என்று தெரிந்த பிறகு வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். அதுவும் பெருநாள் காசைச் சேர்த்துப் பிள்ளையே வாங்கட்டும். விளையாட்டைப் பொறுத்தவரை, ஆயிஷா (ரழி) அவர்கள் சிறு வயதில் விளையாட்டுப் பொம்மைகள் வைத்திருந்ததையும், சிறகு வைத்த குதிரையைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் நாம் கேட்டிருக்கிறோம். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. அதை உலமாக்களிடம் கேளுங்கள். குடும்பத்தோடு சிரித்துப் பேசிக் கழியும் நேரம் வீண் நேரமல்ல என்பது மட்டும் எங்களுக்கு நிச்சயம்.

"இது ஆம்பிளப் பிள்ளைகளின் வேலை." இதைத்தான் நாங்கள் கொஞ்சம்கூட ஒத்துக்கொள்ள மாட்டோம். வகுப்பில் விஞ்ஞானம், கணிதம் இரண்டிலும் முன்னால் நிற்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும். சொல்டரிங் கோலை அவர்கள் கையில் ஒருவரும் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். ஆம்பிளப் பிள்ளைக்கு வெளியே போக மைதானம் இருக்கிறது, கடற்கரை இருக்கிறது. பெண் பிள்ளைக்கு வயது வந்த பிறகு வீடும் டியூசனும் போனும்தான். வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடிய, மூளைக்கும் கைக்கும் வேலை கொடுக்கும் ஒன்று முதலில் யாருக்குத் தேவை என்று நீங்களே சொல்லுங்கள். வயரிங் வேலையை மகளுக்குக் கொடுங்கள். ஸ்டேஷனுக்கு வர்ணம் அடிக்க மகனை விடுங்கள்.

"வாப்பா கட்டாரில் இருக்கிறார், நாங்கள் என்ன செய்வது?" இது ஆட்சேபனை அல்ல, வலி. நம் ஊர்களில் இப்படி எத்தனை வீடுகள்! வீடியோ கோலில் "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டு முடிந்தவுடன் இரண்டு பக்கமும் பேச்சு வற்றிவிடும். அந்த வாப்பாவையும் பொறியியலாளர் ஆக்குங்கள். அவர் அங்கிருந்து ஸ்டேஷனின் படத்தைத் தாளில் கீறி அனுப்பட்டும். பிள்ளை இங்கே அதைக் கட்டிக் காட்டட்டும். "வாப்பா, பாலம் சரிஞ்சு போகுது, என்ன செய்ற?" என்று பிள்ளை கேட்கும் கோல் சீக்கிரம் முடியாது. போனும் அன்றைக்கு நல்ல வேலைக்குப் பயன்பட்டிருக்கும்.

பெற்றோருக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கி நீங்கள் செய்யாதீர்கள். கோணலான ஸ்டேஷன் கோணலாகவே நிற்கட்டும். இரண்டு, தயவுசெய்து இதைப் போட்டியாக்க வேண்டாம். நாம் எதை எடுத்தாலும் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் கொடுத்து, கேடயம் கொடுத்து, மற்றப் பிள்ளைகளை அழ வைத்து முடிக்கிறோம். இதையாவது விட்டுவிடுவோம்.

போட்டிக்குப் பதிலாக ஒரு யோசனை. 1970களில் அமெரிக்காவில் குட்டி ரயில்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆளுக்கொரு பலகையைத் தன் வீட்டில் செய்வது. பலகைக்கு மேலே என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் பலகையின் உயரமும், இரண்டு முனைகளில் தண்டவாளம் வரும் இடமும் எல்லோருக்கும் ஒன்று. பிறகு ஒரு நாள் எல்லோரும் கொண்டுவந்து பொருத்தினால் நீண்ட பாதை ஒன்று ஆகிவிடும், ஒரே ரயில் எல்லோருடைய ஊருக்குள்ளாலும் போகும்.

நாமும் செய்யலாமே. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரும் சுமார் நாற்பது கிலோமீட்டரை நூறுக்கு ஒன்று கணக்கில் அப்படியே செய்தால் நானூறு மீட்டர் வேண்டும். அது முடியாது. ஊருக்கு ஒரு நான்கடிப் பலகை என்று வைப்போம். காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். பதின்மூன்று பலகை, ஐம்பத்திரண்டு அடி. ஒரு பாடசாலை மண்டபம் போதும். நான்கடிக்குள் உங்கள் ஊரில் எதை வைப்பீர்கள், எதை விடுவீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நல்ல சண்டை நடக்கும். அந்தச் சண்டைதான் தேவை. ஊரைப் பற்றிப் பிள்ளைகள் அவ்வளவு யோசிப்பது வேறு எப்போது?

இந்தப் பட்டியலில் முஸ்லிம் ஊரும் இருக்கிறது, தமிழ் ஊரும் இருக்கிறது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, அல்லாஹ் வைத்தபடி. நம் ஊர்களுக்கிடையில் எல்லையைப் பற்றி, செயலகத்தைப் பற்றி எவ்வளவு மனக்கசப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு விளையாட்டு ரயில் தீர்க்கும் என்று சொல்லும் அளவுக்கு நாங்கள் அப்பாவிகள் அல்ல. ஆனால் சாய்ந்தமருதுப் பிள்ளையின் பலகையும் காரைதீவுப் பிள்ளையின் பலகையும் பொருந்த வேண்டுமென்றால், அந்த இரண்டு பிள்ளைகளும் முதலில் ஒரு தடவை கதைத்து உயரத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ரயில் தடம் புரளும். எல்லையில் இரண்டு பேரும் குனிந்து நின்று அடியில் ஒரு மட்டைத் துண்டைச் செருகிச் சரிசெய்ய வேண்டும். அப்படிச் சேர்ந்து குனிந்து நின்ற இரண்டு பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அது சின்ன விஷயமல்ல.

அடுத்த விடுமுறைக்கு நாங்கள் ஒரு பலகை தொடங்குகிறோம். பலகை நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம். நிலத்தில் வைத்துப் பொருத்துவதால் மேசை தேவையில்லை. தண்டவாளம் பலகையின் முன் விளிம்பிலிருந்து சரியாக ஐந்து அங்குலம் உள்ளே. இந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்ற வேண்டாம். கல்விச் சுற்றுலா கண்டிப் பக்கம் போகும் பாடசாலைகள் கடுகண்ணாவையில் 2014இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு மணித்தியாலம் இறங்கிப் பாருங்கள், பிள்ளைகளின் கையில் ஓர் அடிமட்டத்தையும் கொடுத்து விடுங்கள். வயரிங் தெரிந்தவர்கள், மரவேலை தெரிந்தவர்கள், பழைய ரயில் பயணக் கதை தெரிந்த பெரியவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். எந்த ஊருக்கு எந்த வீடு பலகை செய்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

கல்முனையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். மற்ற ஊர்கள் காலியாக இருக்கின்றன.

வஸ்ஸலாம்.